பிஎஸ்2-க்கு மாற்று கன்ட்ரோலர்: டூப்ளிகேட்டா, பழைய ஒரிஜினலா, வயர்லெஸ்ஸா?

என் பிஎஸ்2-க்கு (சோனியின் பிளேஸ்டேஷன் 2 கேம் கன்சோல்) புது கன்ட்ரோலர் வாங்கி வந்த அன்று ராத்திரி ஏழு பேரைக் கொன்றேன். அதில் ஒருவனைக்கூடக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

மெட்டல் கியர் சாலிட் 3 கேம் ஆடியவர்களுக்கு இது புரியும். காவல்காரன் பின்னால் பதுங்கிப் போய் வட்டம் பட்டனை மெதுவாக அமுக்கிப் பிடித்தால் அவன் கழுத்து நம் பிடிக்குள் வரும். அப்படியே வைத்துக்கொண்டு மிரட்டி விஷயத்தைக் கறக்கலாம். அதே பட்டனை அழுத்தமாக அமுக்கினால் கழுத்தை அறுத்துவிடும். நான் பூப்போலத்தான் தொட்டேன். தொட்டவனெல்லாம் செத்தான்.

அன்று சாயங்காலம் கடையில் நடந்தது இவ்வளவுதான். “அண்ணே, இது ஒரிஜினலா?” “ஃபர்ஸ்ட் காப்பி தம்பி. பக்கத்துல வச்சாகூட வித்தியாசம் தெரியாது.” பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தெரியவில்லைதான். அவர் சொன்னதில் பொய் இல்லை. கட்டைவிரலுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

2000-இல் பிஎஸ்2 வந்தபோது அதோடு வந்த டூயல்ஷாக் 2, பார்வைக்கு பிஎஸ்1-இன் டூயல்ஷாக்கை அப்படியே உரித்து வைத்தது. மாறியது உள்ளே. ஸ்டார்ட், செலக்ட், அனலாக், ஸ்டிக்கை உள்ளே அமுக்கினால் வேலை செய்யும் எல்3, ஆர்3 போக, திசை பட்டன் உட்பட எல்லாப் பட்டனும் அழுத்தத்தை அளக்கும், 0-இலிருந்து 255 வரை. ரப்பர் குமிழின் அடியில் கரி பூசிய மெல்லிய பிலிம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குக் கரி தொடும் பரப்பு கூடும், மின்தடை குறையும். டூப்ளிகேட்டுகளில் பெரும்பாலும் இது கிடையாது. தொட்டால் 255, விட்டால் 0. வீட்டு ஃபேனில் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சுவிட்சை மட்டும் விட்டுவைத்த மாதிரி.

எனவே எந்த கன்ட்ரோலர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கிரான் டுரிஸ்மோ 3, 4 என்றால் எக்ஸ் பட்டன்தான் ஆக்சிலரேட்டர். பாதி அமுக்கினால் பாதி வேகம். டூப்ளிகேட்டில் வளைவிலிருந்து வெளியே வரும்போது டயர் சுழன்று கார் திரும்பி நிற்கும். (இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. செட்டிங்ஸில் போய் ஆக்சிலரேட்டரை வலது ஸ்டிக்குக்கு மாற்றலாம். பழகிவிட்டால் பட்டனைவிட நன்றாகவே இருக்கிறது.) மெட்டல் கியர் சாலிட் 2-இல் துப்பாக்கியைக் குறிபார்த்துவிட்டு, சுடாமல் இறக்க வேண்டுமென்றால் சதுரம் பட்டனை மெல்ல விட வேண்டும். டூப்ளிகேட்டுக்கு மெல்ல என்றால் என்னவென்றே தெரியாது. டெக்கன் 5, ஸ்மாக்டவுன், கிரிக்கெட் 07 ஆடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

டூப்ளிகேட்டின் மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக் நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்ததும் எகிறிக் கடைசிக்குப் போய்விடும். மெதுவாக நடக்க வைப்பது கஷ்டம், ஓட்டம்தான். திசை பட்டனில் கீழே அமுக்கினால் சில சமயம் மூலையும் சேர்ந்து அமுங்கும், சண்டை கேமில் ஸ்பெஷல் மூவ் தப்பிப்போகும். வைப்ரேஷன் ஏனோ தானோதான். ஒரிஜினலில் இடது கைப்பிடிக்குள் பெரிய எடையோடு ஒரு மோட்டாரும், வலதில் சின்னது ஒன்றும் இருக்கும். பெரியது உறுமும், சின்னது கிர்ரென்று அதிரும். என்னுடைய டூப்ளிகேட்டில் இரண்டு பக்கமும் ஒரே கொசுச் சத்தம். லேபிளை நம்பாதீர்கள், எஸ்சிபிஎச்-10010 என்ற ஒரிஜினல் மாடல் எண்ணையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். கையில் தூக்கிப் பாருங்கள், காற்று மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இத்தனைக்கும் விலை சில நூறு ரூபாய், பெட்டியைப் பிரித்ததும் வேலை செய்யும். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை.

அடுத்து பழைய ஒரிஜினல். பிஎஸ்2 உற்பத்தியை சோனி 2013 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அதனால் இன்று “புது ஒரிஜினல்” என்று சீல் பிரிக்காத பெட்டியை யார் நீட்டினாலும் சந்தேகப்படுவதுதான் புத்தி. செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு நண்பன் வீட்டுப் பரணில், மெமரி கார்டு ஒன்றோடு. செருகியதும் சதுரம் தானாகவே அமுங்கியது, மேல் விளிம்பில் இருக்கும் எல்1 எதற்கும் அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

சாகவில்லை. முதுகுப் பக்க ஸ்குருக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினால் எல்1, எல்2 பட்டன்கள் கழன்று மடியில் விழும், பதற வேண்டாம். எது எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சர்க்யூட் போர்டு, அதன் அடியில் நான் சொன்ன பிலிம். பிலிமின் வால் போர்டைத் தொடும் இடத்தில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள். எனக்குக் கிடைத்ததில் அதைப் போர்டோடு அணைத்துப் பிடிக்க சால்டரிங் எதுவும் இல்லை, ஒரு துண்டு ஸ்பாஞ்ச்தான் முட்டுக்கொடுத்து நின்றது. இருபது வருடத்தில் அந்த ஸ்பாஞ்ச் வற்றல் மாதிரி சப்பிப்போயிருந்தது. தொடர்பு விட்டு விட்டு வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்தேன். போர்டின் தொடுமுனைகளை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பிலிமின் கறுப்புக் கோடுகளை மட்டும் தேய்க்கக் கூடாது, கரி உரிந்துவிட்டால் கதை முடிந்தது. ஸ்பாஞ்ச் இருந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பை நாலாக மடித்து வைத்து மூடினேன். முதல் தடவை மூடி சரியாக உட்காரவில்லை, மூன்றாக மடித்ததும் உட்கார்ந்தது. எல்லா பட்டனும் உயிரோடு வந்தன. காவல்காரனைப் பிடித்தேன், கழுத்து தப்பியது.

ஸ்டிக் இழுத்துக்கொண்டு போகும் ஒரிஜினல் என்றால் மட்டும் யோசியுங்கள். துடைத்துப் பார்க்கலாம், சில நாள் தாங்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட கால்களை சால்டரிங்கிலிருந்து விடுவிப்பது கை பழகாதவர்களுக்கான வேலை இல்லை. மொபைல் ரிப்பேர் பார்ப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அரை மணி நேர வேலை. ஆகவே செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பட்டன் கோளாறுக்குப் பயப்படாதீர்கள், ஸ்டிக் கோளாறுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிஎஸ்1-இன் டூயல்ஷாக் வீட்டில் கிடந்தால் அதுவும் இதே போர்ட்டில் செருகும், நிறைய பிஎஸ்2 கேம்களும் ஏற்றுக்கொள்ளும். அழுத்த அளவு அதில் இல்லை. ஆனாலும் என்னிடம் இருப்பதன் திசை பட்டன், இன்று கிடைக்கும் எந்த டூப்ளிகேட்டையும்விட ஒழுங்கானது. பிஎஸ்1 டிஸ்க் போட்டு ஆட நான் அதைத்தான் எடுக்கிறேன்.

வயர்லெஸ் பக்கம் போனால் இரண்டு வழி. எய்ட்பிட்டூ நிறுவனத்தின் ரெட்ரோ ரிசீவர் மாதிரி பிஎஸ்2 போர்ட்டில் செருகும் புளூடூத் ரிசீவர் வாங்கலாம். அல்லது இஎஸ்பி32 சிப்பில் ஓடும் ப்ளூரெட்ரோ என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை வைத்துச் செய்த அடாப்டர் வாங்கலாம். கையிலிருக்கும் பிஎஸ்4 கன்ட்ரோலரே பிஎஸ்2-க்குப் போதும் என்பது கேட்க இனிப்பாக இருக்கிறது. பிடிக்க வசதி, ஸ்டிக் புதுசு, வயர் காலில் சிக்கி கன்சோல் ஸ்டாண்டிலிருந்து விழாது. ஆனால் டூயல்ஷாக் 4-இல் எல்2, ஆர்2 தவிர எந்த பட்டனுக்கும் அழுத்தம் அளக்கத் தெரியாது, சோனியே எடுத்துவிட்டது. எத்தனை விலை கொடுத்து அடாப்டர் வாங்கினாலும், கன்ட்ரோலரில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? பிஎஸ்3-இன் டூயல்ஷாக் 3-இல் அந்த அளவு உண்டு. நடுவில் இருக்கும் அடாப்டர் அதைக் கடத்துமா என்பதுதான் வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. விற்பவர் “எல்லாம் வேலை செய்யும்” என்றால் “கடத்தாது” என்பதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயர்லெஸ் என்றால் தாமதம் வருமே என்று சிலர் கவலைப்படுவார்கள். பழைய டியூப் டிவியில் ஆடுகிறவர் கவலைப்பட்டால் நியாயம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை நேராக எல்இடி டிவியில் செருகி ஆடுபவருக்கு டிவி சேர்க்கும் தாமதமே அதைவிடப் பெரிதாக இருக்கும். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், கன்ட்ரோலரை அப்புறம் திட்டலாம்.

கடைக்கோ வீட்டுக்கோ போய் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கிரான் டுரிஸ்மோ டிஸ்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காரை நிறுத்தி வைத்து எக்ஸ் பட்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். இன்ஜின் சத்தம் படிப்படியாக ஏறினால் ஒரிஜினல். எடுத்ததுமே அலறினால் ஃபர்ஸ்ட் காப்பி.

என் ஃபர்ஸ்ட் காப்பியைத் தூக்கிப் போடவில்லை. அது இப்போது இரண்டாவது போர்ட்டில் இருக்கிறது. லீவுக்கு அக்கா பையன் வந்தால் அவனுக்கு அதுதான். அவன் எந்த பட்டனை அமுக்கினாலும் 255-தான்.