பிர்குவின் மதவிசாரணை மாளிகை: பார்த்தே ஆக வேண்டிய அருங்காட்சியகம்

மால்டாவுக்குச் சுற்றுலா செல்கிறவர்களில் பலர் தலைநகர் வல்லெட்டாவோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். துறைமுகத்தின் எதிர்க்கரையில், டைசா எனப்படும் சிறு படகில் ஏறிச் சென்றுவிடக்கூடிய பிர்கு என்னும் பழைய ஊரில், ஹெரிட்டேஜ் மால்டா நிறுவனம் அருங்காட்சியகமாகப் பராமரித்துவரும், கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையை மீறியவர்களை விசாரித்துத் தண்டித்த மதவிசாரணை அதிகாரியின் மாளிகையையும் அவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

1530இல் மால்டாவுக்கு வந்து அதை ஆண்ட, கத்தோலிக்கப் போர்வீரத் துறவிகளான புனித யோவான் சபை வீரர்கள் பிர்குவைத் தங்கள் தலைமையிடமாகக் கொண்டபோது, இக்கட்டடம் அவர்களுடைய நீதிமன்றமாக எழுந்தது. 1565இல் ஒட்டோமானியப் படையின் முற்றுகையை முறியடித்த பெருமையால் ஊருக்கு வித்தோரியோசா, அதாவது வெற்றி நகர், என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் 1571இல் சபை வல்லெட்டாவுக்குக் குடிபெயர்ந்துவிட, நீதிமன்றம் இருந்த இடம் காலியானது. 1574இல் ரோமிலிருந்து வந்த முதல் விசாரணை அதிகாரி பியத்ரோ துசினாவுக்கு அதை ஒதுக்கித் தந்தார்கள். 1798இல் நெப்போலியன் தீவைக் கைப்பற்றும்வரை இப்பதவியில் இருந்தவர்களில் இருவர் பின்னாளில் ஏழாம் அலெக்சாந்தர், பன்னிரண்டாம் இன்னசென்ட் என்ற பெயர்களில் போப்பாண்டவர்களானார்கள். பெரிய கூடத்தின் சுவர்களில் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ள விசாரணை அதிகாரிகளின் குலச்சின்னங்களை நிதானமாகப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது விசாரணை அறைதான். குற்றம் சாட்டப்பட்டவர் அதிகாரியின் முன் தலைகுனிந்தபடியே நுழைய வேண்டும் என்பதற்காக, அவருக்குரிய வாயிலை வேண்டுமென்றே தாழ்வாக அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து சிறை அறைகளுக்குச் சென்றால், மென்மையான சுண்ணாம்புக்கல் சுவர்களில் கைதிகள் கீறிவைத்த சிலுவைகளையும் கப்பல்களையும் காணலாம். விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தொடாதீர்கள், அந்தக் கல் எளிதில் உதிரக்கூடியது.

இங்கே இழுத்துவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். விரத நாளில் இறைச்சி உண்டவர், தடைசெய்யப்பட்ட நூலை வைத்திருந்தவர், கடற்கொள்ளையரிடம் சிக்கி இஸ்லாத்தைத் தழுவிப் பின்னர் ஊர் திரும்பியவர், காதலனை வசப்படுத்த மந்திரம் நாடிய பெண், அந்த மந்திரத்தைச் சொல்லித்தந்ததாகப் பிடிபட்ட முஸ்லிம் அடிமை எனப் பலதரப்பட்டவர்களின் வாழ்க்கை, விசாரணைப் பதிவுகளின் வழியாகவே நமக்குத் தெரியவருகிறது. இதனால்தான் மால்டாவின் நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகத்தை இதே மாளிகையில் அமைத்திருப்பது மிகப் பொருத்தமான முடிவு என்று கருதுகிறேன். அருகிலுள்ள புனித ஆஞ்சலோ கோட்டை வீரர்களின் போர்க்கதையைச் சொல்கிறது. அவர்களுடைய ஆட்சியின்கீழ் வாழ்ந்த சாமானியர்கள் எதை நம்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதை அறிய இங்கேதான் வர வேண்டும்.

படிக்கட்டுகள் உள்ளதால் முழங்கால் வலி உள்ளவர்கள் அவசரமின்றி ஏற வேண்டும். கோட்டையையும் ஒரே நாளில் பார்க்க எண்ணுகிறவர்கள் காலையில் மாளிகையை முடித்துக்கொள்வது நல்லது.