உப்புக் காற்றில் ஒன்பது வருடம்: என் காரின் கதவு லாட்ச்சும் ஏசியும்

என்னுடையது 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். 2016ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். அன்றிலிருந்து தூத்துக்குடியில்தான் ஓடுகிறது, நிற்கிறது, துருப்பிடிக்கிறது. வாங்கும்போது மீட்டரில் 41,000 கிலோமீட்டர், 2025ல் 1,26,000. எஞ்சின் ஒரு நாளும் என்னை நடுரோட்டில் விட்டதில்லை. நான் காசைக் கொட்டியது இரண்டே விஷயத்துக்கு: கதவு லாட்ச் (கதவை மூடிப் பிடித்து வைக்கும் பூட்டு), ஏசி. இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், எங்கள் ஊர் உப்புக் காற்று. மாடியில் துணி காயப் போடக் கட்டிய கம்பியே வருடத்துக்கு ஒரு முறை மாறும்போது, கதவுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பிரிங்கும் வண்டியின் முகத்தில் நின்று ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்ஸரும் எத்தனை நாள் தாங்கும்?

லாட்ச் வேலைக்கு நான் இறங்கியதே ஒரு அசட்டுத்தனத்தில்தான். பின் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்து உள் பேனலைக் கழற்றி, நாலு கிளிப்பை உடைத்து, கம்பி ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. காப்பி கொண்டு வந்த மனைவி கதவின் விளிம்பைப் பார்த்துவிட்டு, "இந்தக் குட்டி நெம்புகோல் எதுக்குங்க?" என்று கேட்டாள். சைல்டு லாக், குழந்தைகள் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடாமல் தடுக்கும் பூட்டு. அதைத் தள்ளியதும் கதவு திறந்தது. உள்ளேயிருந்து திறக்காத பின் கதவு யாருக்காவது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

உண்மையான கோளாறு 2019ல் வந்தது. திருநெல்வேலி போகும் நான்கு வழிச்சாலையில், வல்லநாடு நெருங்கும்போது பின்னால் காற்று இரைந்தது. அம்மா அந்தக் கதவோரம்தான் உட்கார்ந்திருந்தார். ஓரங்கட்டிப் பார்த்தால் கதவு மூடியதுபோலத் தெரிகிறது, தள்ளினால் லொடலொடவென்று ஆடுகிறது. எத்தனை முறை அறைந்தும் ஒரு 'டக்'தான் வந்தது, இரண்டாவது 'டக்' வரவே இல்லை. அம்மாவை நடு சீட்டுக்கு மாற்றி பெல்ட் போட்டு, கைப்பிடியைத் துண்டால் முன் சீட்டோடு கட்டி, நாற்பதில் உருட்டிக்கொண்டு வீடு வந்தோம்.

அந்த இரண்டாவது 'டக்' ஏன் முக்கியம் என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். லாட்ச்சுக்குள் நகம்போல ஒரு கொக்கி இருக்கிறது. கதவை மூடும்போது அது தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் வளையத்தில் மோதிச் சுழன்று கவ்வுகிறது. கவ்விய கொக்கி பின்வாங்காமல் இன்னொரு சின்ன நாக்கு அதன் பல்லில் விழுந்து தடுக்கிறது. பல் இரண்டு. முதல் பல் பாதி மூடியதற்கு, இரண்டாவது முழுதாக மூடியதற்கு. கார் கதவுகளுக்கு 2004ல் ஒரு சர்வதேச விதிமுறை வந்தது. அதன்படி முழுதாகப் பூட்டிய லாட்ச் 11,000 நியூட்டன் இழுவையைத் தாங்கியாக வேண்டும், முதல் பல்லில் நிற்பதற்கு 4,500 போதும். ஒரு டன்னுக்கு மேல் தாங்க வேண்டிய கதவு அன்று அரை டன்னைக்கூடத் தாங்கும் நிலையில் இல்லை. என் லாட்ச்சில் நாக்கின் ஸ்பிரிங் துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. ஸ்ப்ரே அடித்தால் இரண்டு நாள் சரியாகும், மூன்றாம் நாள் பழைய கதை. கதவைத் தாங்கும் பொருளை ஸ்ப்ரேயில் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றிவிட்டேன்.

வேலை கஷ்டம் இல்லை, பொறுமைதான் வேண்டும். கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினேன். என் வண்டிக் கதவில் ஏர்பேக் சென்சார் எதுவும் கிடையாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டி என்றால் ஒயரைக் கழற்றிச் சில நிமிடமாவது காத்திருக்க வேண்டும், சர்வீஸ் கையேட்டையும் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கை வைக்கும் இடத்தில் இரண்டு. பிறகு பேனலின் விளிம்பை நெம்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும். எங்கள் வீட்டு நைலான் தோசைத்திருப்பி இதற்கென்றே செய்ததுபோல இருந்தது. அது மறுபடி அடுக்களைக்குப் போகவில்லை. கிளிப் எப்படியும் இரண்டு மூன்று உடையும், முன்கூட்டியே பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேனலுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்கும். பலர் இதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். நான் ஒரு ஓரத்தைச் சரியாக ஒட்டாமல் விட்டேன். ஐப்பசி மழையில் கால்மிதி நனைந்து, ஒரு வாரம் காருக்குள் ஈரச்சாக்கு வாடை.

லாட்ச்சைப் பிடித்திருப்பது கதவின் விளிம்பில் மூன்று ஸ்க்ரூ. தொழிற்சாலையில் பசை போட்டு முறுக்கியிருப்பார்கள். அளவு சரியில்லாத பிட்டைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியான பிட்டை வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் அசையும். கம்பிகளை இழுக்கக் கூடாது, பிளாஸ்டிக் கிளிப்பைத் திருப்பினால் தானாகக் கழன்று வரும். கழற்றுவதற்கு முன்பே போனில் நாலு கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். கதவின் உள் தகடு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை கட்டாயம். என் மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். புது லாட்ச்சைப் பொருத்தியதும் ஆசையாகக் கதவைச் சாத்திவிடாதீர்கள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளுங்கள். இரண்டு 'டக்' வர வேண்டும். பிறகு வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி, சென்ட்ரல் லாக், சைல்டு லாக் நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஒவ்வொரு முறையும் கொக்கி விடுபடுகிறதா என்று பாருங்கள். ஒரு கம்பி மாட்டாமல் கதவை மூடிவிட்டால் அதை மறுபடி திறப்பது பெரும்பாடு. மூடிய கதவில் பேனலைக்கூட ஒழுங்காகக் கழற்ற முடியாது.

பாகத்தின் விலையைப் பற்றி: முதலில் 1,100 ரூபாய்க்கு உள்ளூர் மாற்றுப் பாகம் வாங்கினேன். பதினான்கு மாதத்தில் சென்ட்ரல் லாக் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, பூட்டும்போது 'கிர்ர்' என்று கத்த ஆரம்பித்தது. 2020 கடைசியில் 2,600 கொடுத்து ஒரிஜினல் போட்டேன். இன்றுவரை ஒரு சத்தம் இல்லை. அடுத்து 2022ல் டிரைவர் கதவுக்கு நேராக ஒரிஜினலே வாங்கிவிட்டேன். ஸ்ட்ரைக்கரை மட்டும் தேவையில்லாமல் தளர்த்தவில்லை. தளர்த்தியே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தளர்த்துங்கள்.

பானெட் லாட்ச்சுக்கு வருடம் இரண்டு முறை துடைத்து வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுகிறேன், அவ்வளவுதான். முக்கியமாக அந்த இரண்டாவது பாதுகாப்புக் கொக்கிக்கு. ஓடும்போது முதல் பூட்டு விட்டுவிட்டால் பானெட் கண்ணாடியில் வந்து அறையாமல் பிடிப்பது அது ஒன்றுதான்.

ஏசி கதை வேறு. 2017, 2018, 2019 என்று மூன்று வருடமும் பங்குனி வந்தால் காஸ் அடிப்பேன். 1,500 ரூபாய். ஒரு கடையில் ஹோஸை மாட்டி, கேஜைப் பார்த்து, "கை வச்சுப் பாருங்க சார், ஐஸ் மாதிரி வருது" என்பார்கள். வரத்தான் செய்யும். கார்த்திகைக்குள் வெறும் காற்றாகிவிடும். வேக்கம் போட்டதாகவோ (பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது) காஸின் எடை பார்த்ததாகவோ எனக்கு ஞாபகமே இல்லை.

2020ல் ஊரடங்கு, கடைகள் மூடல். நான் ஆன்லைனில் 450 கிராம் ஆர்-134ஏ (கார் ஏசிக்குள் சுற்றும் காஸ்) கேனும் ஹோஸும் வாங்கினேன். செய்யக் கூடாததை ஒவ்வொன்றாகச் செய்தேன். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் 380 கிராம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சிஸ்டத்தில் ஏற்கெனவே கொஞ்சம் காஸ் இருந்தது. நான் முழு கேனையும் ஏற்றினேன். பத்து நிமிடம் குளிர்ந்தது. அப்புறம் காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் டக் டக்கென்று விட்டு விட்டு ஓட, சூடான காற்று வர ஆரம்பித்தது. காஸ் கூடினாலும் குளிர் குறையும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஹோஸைக் கழற்றும்போது திரவமாகவே பீறிட்டு இரண்டு விரலில் பட்டது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். விரல் வெள்ளையாகி மரத்துப்போய், மறுநாள் கொப்புளம். கண்ணில் பட்டிருந்தால்? கண்ணாடிகூட நான் போட்டிருக்கவில்லை. இதில் ஒரே புண்ணியம், அந்த ஹோஸ் நீல மூடியுள்ள லோ சைடில், அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்தில் மட்டும்தான் மாட்டும். ஓடும் எஞ்சினில் அழுத்தம் கூடிய ஹை சைடில் 200 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அதில் எப்படியாவது கேனை மாட்டினால் அழுத்தம் திரும்பிக் கேனுக்குள் ஏறும், கையிலேயே வெடிக்கும்.

கடைகள் திறந்ததும் ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் போனேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, காஸ் என்ன பெட்ரோலா, எரிஞ்சு தீர? போட்டது உள்ளயே சுத்திக்கிட்டுல்லா கெடக்கணும். கொறையுதுன்னா எங்கயோ ஓட்டை." ரப்பர் ஹோஸ் வழியாக வருடத்துக்குச் சில கிராம் கசிவது சகஜம்தானாம். வருடம் தவறாமல் காலியாவது சகஜமே இல்லை. மூன்று வருடம் 4,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது காற்றில் கரைந்த காஸ்தான். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்றாலும், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு. 380 கிராம் வெளியே போனால் 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்ததற்குச் சமம்.

அவர் வேலை செய்த முறையை முழுக்க நின்று பார்த்தேன். இருந்த காஸைத் திறந்துவிடாமல் மெஷினால் உருவி எடுத்தார். தராசு 610 கிராம் காட்டியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீர். கண்டென்ஸரின் கீழ் மூலையில் குமிழி வந்தது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய மண்ணை நான் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கசிவதன் அடையாளம் அது. சில இடங்களில் டயர் கடைக் காற்றை ஏற்றிக் கசிவு பார்ப்பார்களாம், அது ஈரத்தை உள்ளே அனுப்பும் வேலை. கம்ப்ரஸர் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் ஜாதி, ஈரம் சேர்ந்தால் உள்ளே அமிலம் உண்டாகும். காஸ் விரிந்து குளிரும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் நீர் உறைந்து அடைக்கவும் செய்யும்.

புது கண்டென்ஸர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், இணைப்புகளுக்கு ஓ-ரிங் ரப்பர் வளையங்கள், கண்டென்ஸரோடு போன அளவுக்கு ஆயில். நாற்பது நிமிடம் வேக்கம். கேஜ் முள் வேக்கத்தின் பாதரச அளவில் 29 அங்குலத்தைத் தாண்டினால் நம் ஊர் வெயிலுக்கு உள்ளிருக்கும் ஈரம் தானாகக் கொதித்து ஆவியாகிவிடும். பிறகு பம்பை நிறுத்தி, டீ குடிக்கப் போய்விட்டார். இருபது நிமிடம் கழித்தும் முள் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் தராசில் வைத்து 380 கிராம். மொத்தம் 8,700 ரூபாய்.

அதன் பிறகு ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தொந்தரவு, 2023ல் சர்வீஸ் போர்ட்டில் (காஸ் ஏற்றும் வாய்) ஊசி போன்ற சின்ன வால்வு கசிந்தது. வால்வு நாற்பது ரூபாய். 34 டிகிரி வெயிலில் உள்சுற்றுக் காற்றில் ஓடும்போது, நடு வென்ட்டில் வைத்த சமையல் தெர்மாமீட்டர் இன்றும் 9 காட்டுகிறது.

இப்போது நான் காஸ் பக்கம் போவதில்லை. கேபின் ஃபில்டர் மாற்றுவது, கண்டென்ஸரைத் தோட்டக் குழாய்த் தண்ணீரால் கழுவுவது (பிரஷர் கன் வேண்டாம், தகடு மடங்கும்), ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது, மார்கழியிலும் வாரம் பத்து நிமிடம் ஏசி ஓட்டுவது, இவை என் வேலை. பைப்பைத் திறப்பது அவர் வேலை.

காஸ் கேனையும் நான் இப்போது வாங்குவதில்லை. 2011ல் கப்பலில் போகும் குளிர் கன்டெய்னர்கள் சில வெடித்து உயிர்கள் போயின. ஆர்-134ஏ என்று சொல்லி ஏற்றப்பட்டதில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. துறைமுக ஊர்க்காரனுக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். சமையல் காஸை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கசிந்தால் அது வந்து நிற்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்.

என் மச்சான் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். என் பழைய ஹோஸைக் கேட்டான், கொடுக்கவில்லை. அதில் கம்ப்ரஸரே உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கை போகவே கூடாது. பெட்ரோல் காருக்குப் போடும் ஆயிலை அதில் கலந்துவிட்டால் மின்காப்பும் கெடும்.

போன மாதத்திலிருந்து இடப்பக்கப் பின் கதவில் இரண்டாவது 'டக்' கொஞ்சம் தாமதமாக வருகிறது. ஒரிஜினல் லாட்ச்சும் பத்து கிளிப்பும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். சைல்டு லாக்கைப் பார்த்துவிட்டேன், அது இல்லை.