மேடைக்கு எது: அந்த நாளா, புதிய பறவையா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் பழைய தமிழ் மர்மப் படம் ஒன்றை நாடகமாகப் போடலாம் என்றால், பேச்சு இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

‘புதிய பறவை’ (1964) கூட்டத்தை இழுக்கும். சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பலில் கதை தொடங்குவதே நம்மவர்களுக்குப் பாதி சொந்தம். ஆனால் கப்பல், ஊட்டி பங்களா, கார் எல்லாம் கோயில் மண்டப மேடையில் அடங்குமா? ‘எங்கே நிம்மதி’யை வெட்டினால் பெரியவர்கள் விட மாட்டார்கள், வைத்தால் பின்னணியில் ஆட ஆள் வேண்டும்.

என் ஓட்டு ‘அந்த நாள்’ (1954) படத்துக்கு. எஸ். பாலச்சந்தர் பாட்டே இல்லாமல் எடுத்தது. ரேடியோ இன்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரணையில் ஆளுக்கொரு கதை. ஒரே நடுக்கூடம் போதும். ஒருவர் சொல்லத் தொடங்கியதும் மஞ்சள் விளக்கு, முடித்ததும் வெள்ளை. கேமரா மறைத்ததை இங்கே நடிகரின் முதுகு மறைக்கும். 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்துக் கதை வேறு. அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பறிகொடுத்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒரே தொல்லை, கொலையாளி யாரென்று முன்வரிசைத் தாத்தாவுக்குத் தெரியும். இடைவேளை விட்டால் தேநீர் ஆறுவதற்குள் மண்டபம் முழுக்கச் சொல்லிவிடுவார். விடாமல் ஒரே மூச்சில் போட்டுவிட வேண்டும்.