பழைய பிரெட்டோனியப் படையைப் புதுப்பித்தது: சில வருட அனுபவம்

சின்னப் போர்வீரர் உருவங்களுக்குப் பெயின்ட் அடித்து மேசைமேல் போர் ஆடும் வார்ஹாமர் ஃபேன்டசி விளையாட்டை ஆடியவர்களுக்கு, அதில் வரும் பிரெட்டோனியா என்ற குதிரைவீரர் நாட்டின் தலையெழுத்து தெரிந்திருக்கும். 1996-ல் வந்த ஐந்தாம் பதிப்புப் பெட்டியில் பல்லி மனிதர்களுக்கு எதிரே நின்ற குதிரைவீரர்கள் இவர்கள்தான். 2004-ல் ஒரு படைப் புத்தகம் (அந்தப் படைக்கான விதிநூல்) கிடைத்தது. அப்புறம் ஏழாம் பதிப்பு வந்தது, எட்டாம் பதிப்பு வந்தது, இவர்களுக்கு மட்டும் புதுப் புத்தகம் வரவில்லை. 2015-ல் அந்த உலகத்தையே மூடிவிட்டு, இதைத் தயாரிக்கும் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்ற புது விளையாட்டின் பக்கம் போய்விட்டது. 2024 ஜனவரியில் அந்தப் பழைய உலகத்துக்கே திரும்பும் 'தி ஓல்ட் வேர்ல்ட்' விளையாட்டு வந்தபோதுதான் மறுபடி முன்வரிசையில் இடம்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த படை. பல கைகள், பல தரத்தில் பெயின்ட். இதையெல்லாம் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். வேண்டாம் என்பேன். படை முடியாமல் அட்டைப்பெட்டியிலேயே கிடப்பதற்குப் பெரிய காரணம் அதுதான். நான் பார்ப்பது சங்கிலிக் கவசத்தை. வளையங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் பழைய பெயின்ட் தங்கலாம்: சோப்புத் தண்ணீரில் கழுவி, மேட் வார்னிஷ் அடித்து, அக்ராக்ஸ் எர்த்ஷேட் (இடுக்குகளில் படியும் நீர்த்த பழுப்பு நிறப் பெயின்ட்) ஒரு கை ஓட்டி, மேடான விளிம்புகளை மட்டும் வெளிறிய நிறத்தால் தொட்டால் போதும். வளையங்கள் மூடிக் கிடந்தால் உரிக்க வேண்டியதுதான்.

உரிக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான் என் முதல் தேர்வு, 99 சதவீதம் உள்ளது. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் ஓர் இரவு ஊறவைத்து டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் தோலாக உரிந்து வரும். உலோகம், பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. ரெசினை மட்டும் நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இங்கிலாந்தில் பழைய ஆட்கள் டெட்டாலைத்தான் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் பட்டதும் கரைந்த பெயின்ட் பிசுபிசுத்து இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் முதல் அலசலையும் டெட்டாலிலேயே செய்ய வேண்டும். வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும், அது வேறு. அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் குதிரை மேல் பட்டால் குதிரையே கரைந்துவிடும்.

பழைய சூப்பர் க்ளூ இணைப்பைப் பிரிக்க ஃப்ரீஸர் நல்ல உபாயம். சில மணி நேரக் குளிரில் பசை மொறுமொறுத்து, லேசாகத் திருகினாலே விடும். திரும்ப ஒட்டும்போது வெறும் பசையை நம்பாதீர்கள். குவெஸ்டிங் நைட் என்ற குதிரைவீரர் பிரிவின் கனமான உலோகக் கைகளுக்கு ஹேண்ட் ட்ரில்லால் துளை போட்டுப் பித்தளைக் கம்பி சொருகினேன். அதற்குப் பிறகு ஒன்றும் கழன்றதில்லை. 1990-களின் பிற்பகுதிக்கு முந்தைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் அரத்தால் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இந்தப் படையின் அழகும் தொல்லையும் ஒரே இடத்தில்தான்: ஒவ்வொரு நைட்டுக்கும் தனிக் குலச்சின்னம், குதிரையின் போர்வையிலும் அதே நிறங்கள். 2019-ல் வந்த கான்ட்ராஸ்ட் பெயின்ட் (ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தருவது) வில்லாளிக் குடியானவர்களுக்கு அற்புதம், ஒரே பூச்சில் வேலை முடிந்தது. அதே பெயின்ட் குதிரைப் போர்வையின் பரந்த துணியில் திட்டுத்திட்டாகத் தேங்குகிறது. அங்கே சாதாரண அக்ரிலிக்கை மெல்லியதாக்கிப் பல பூச்சு போடுவதுதான் சரி. மஞ்சள் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அடியில் இளஞ்சிவப்பு அடித்துப் பாருங்கள், மஞ்சள் சூடாகவும் சீக்கிரமாகவும் வரும்.

பழைய டிரான்ஸ்ஃபர் தாள்களையும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) தூக்கிப் போடாதீர்கள். நேரடியாகத் தண்ணீரில் போட்டால் சின்னம் சுக்குநூறாகும். முதலில் மேலே கிளாஸ் வார்னிஷ் பூசிக் காயவிட்டால் ஒரே துண்டாக வரும். வளைந்த கேடயத்தில் படிய, சின்னத்தை இளக்கும் மைக்ரோ சால் திரவம் உதவும்.

உருவம் நிற்கும் அடித்தட்டு விஷயம் எரிச்சல். பழைய குதிரைகள் 25-க்கு 50 மில்லிமீட்டர் தட்டில் நிற்கின்றன, ஓல்ட் வேர்ல்ட் கேட்பதோ 30-க்கு 60. பெயர்த்து மாற்ற எனக்கு மனமில்லை. இடைவெளி விட்ட எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தட்டுகளில் அணியாக நிறுத்திக்கொள்கிறேன், எதிரில் ஆடுபவர்கள் இதுவரை ஆட்சேபிக்கவில்லை. அடுத்த பதிப்பில் அளவை மறுபடி மாற்றினால் தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.