படத்துக்குக் கருத்து எழுதினா காசுன்னாங்க, 64,000 ரூபாயைக் குடுத்துட்டு நிக்கிறேன்

முந்தாநாள் ராத்திரி 11.40க்குக் கடைசித் தவணை போச்சு. மொத்தம் 64,000. இன்னிக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல உக்காந்து இதை அடிக்கிறேன். திட்டணும்னா திட்டுங்க, ஆனா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க. உங்க வீட்டுல எவனாவது போனைப் பாத்துத் தனியாச் சிரிச்சிக்கிட்டு இருந்தா அவன்கிட்டயும் படிச்சுக் காட்டுங்க. என்ன பண்ணணும், என்ன பண்ணக்கூடாதுன்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

நமக்கு ராம்நாடு மாவட்டத்துல மண்டபம்ங்கிற ஊரு பக்கம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குள்ள போகக்கூடாது. போட்டு போகலேன்னா ஐஸுக்கு வேலையில்ல. ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதுற எனக்குப் பாதிச் சம்பளம். அப்பா போட்டைக் கரையேத்திப் பலகை மாத்துறது, பெயின்ட் அடிக்கிறதுன்னு அலையுறாரு. எனக்குப் பொழுது போகல. போனுல படம் பாப்பேன். அதுவும் முகமூடி மாட்டிக்கிட்டு ஒருத்தன் வந்து ஒவ்வொருத்தரா வெட்டுவானே, ஸ்லாஷர்னு சொல்லுவாங்க, அந்த மாதிரிப் படம்னா எனக்கு உசுரு. "மனுசனை வெட்டுறதுல என்னடா பொழுதுபோக்கு"ன்னு அம்மா திட்டும். திட்டிக்கிட்டே பின்னாடி நின்னு அதுவும் பாக்கும், அது வேற.

போன வாரம் ஒரு மெசேஜ் ஆப்ல தெரியாத நம்பர்ல இருந்து வந்துச்சு. "சார், நீங்க சினிமா ரசிகரா? பார்வையாளர் கருத்து எழுதினா ஒரு படத்துக்கு 50 ரூபாய்." நல்ல தமிழ். டிபியில ஐடி கார்டு மாட்டின ஒரு பொண்ணு. ஒரு வெளிநாட்டுப் பட மதிப்பீட்டுக் கம்பெனியில இருந்து பேசுறதா சொல்லிச்சு. பேரெல்லாம் எழுத மாட்டேன், அந்தப் பேருல நெஜமாவே நல்ல கம்பெனி எங்கயாவது இருந்தா அவங்களுக்கு ஏன் கெட்ட பேரு. படத்துக்கு ஸ்டார் போட்டுக் காசு வாங்குற மாதிரி ஒரு ஆப். அவ்வளவுதான்.

முதல் நாள் மூணு படம், 150 ரூபாய். அஞ்சு நிமிசத்துல அக்கவுன்ட்ல ஏறிருச்சு. சும்மா ஸ்டாரை அமுக்குற வேலைதான். கருத்து எழுதுறது நம்ம இஷ்டம்.

என் கெட்ட நேரம், நாலாவதா வந்த படம் ஃப்ரைடே தி தர்ட்டீன்த் ரெண்டாம் பாகம், 1981ல வந்தது. அதை நான் நாலு தடவை பாத்திருக்கேன். "எனக்கு இது அஞ்சு ஸ்டார் படம் இல்லையே, என்ன பண்ணட்டும்?"னு கேட்டேன். வந்த பதிலை அப்படியே போடுறேன்: "சார், உங்க நேர்மையான கருத்துதான் கம்பெனிக்கு வேணும். மத்தவங்க எல்லாரும் சூப்பர் சூப்பர்னு மட்டும் எழுதுறாங்க."

இங்கதான் நான் விழுந்தேன். 150 ரூபாய்க்கு விழல. இந்த வரிக்குத்தான் விழுந்தேன்.

நம்ம கருத்தை யாருங்க இதுவரைக்கும் கேட்டிருக்கா? வீட்டுல படத்தைப் பத்திப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவாங்க. ஐஸ் கம்பெனியில சொன்னா "கணக்கை முடி தம்பி"ம்பாங்க. அன்னிக்கு ராத்திரி உக்காந்து ரெண்டு பக்கம் எழுதினேன். முதல் பாகத்துல கொலைகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது, தெரியும்போது அது ஏரியில மூழ்கிச் செத்துட்டதா சொல்ற ஜேசன்ங்கிற பையனோட அம்மா. ரெண்டாவதுல பையனே வந்துட்டான். யாருங்கிற கேள்வி போயிருச்சு, இனி எப்படிங்கிறது மட்டும்தான் மிச்சம். அதனால பயம் குறைஞ்சு எண்ணிக்கை கூடிருச்சுன்னு எழுதினேன். ஆனா முதல் பாகத்துல தப்பிச்ச பொண்ணையே ரெண்டாவதோட தொடக்கத்துல கொன்னது தைரியம், அதுக்கு ஒரு ஸ்டார் கூடத் தரலாம்னேன். அதே வருசம் வந்த ஹாலோவீன் ரெண்டாம் பாகத்தையும் இழுத்தேன். அது முதல் படம் முடிஞ்ச அதே ராத்திரி ஆஸ்பத்திரியில தொடரும். நல்ல யோசனைதான். ஆனா அந்தப் படத்துக் கதாநாயகி கொலைகாரனோட தங்கச்சின்னு காரணம் சொன்னாங்க பாருங்க, அங்க படுத்துருச்சு. காரணமே இல்லாம ஒருத்தன் வர்றதுதானே பயம்? இப்படி. எழுத எழுத எனக்கே நல்லா இருந்துச்சு.

காலையில பதில். "சார், இந்த மாசத்துல வந்ததுலயே சிறந்த கருத்து உங்களோடதுதான். டீம் லீடரே படிச்சுப் பாராட்டினார். எனக்கும் அந்த ஹாக்கி மாஸ்க்கோட அவன் வர்ற சீன் ரொம்பப் பயம் சார்."

ஹாக்கி மாஸ்க்!

அந்தப் படம் பாத்தவங்களுக்குத் தெரியும். ரெண்டாம் பாகத்துல ஹாக்கி மாஸ்க்கே கிடையாது. தலையில ஒரு சாக்குப்பையை மாட்டி, ஒத்தைக் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு வருவான். ஹாக்கி மாஸ்க் மூணாம் பாகத்துல, 1982ல தான் வருது. நான் எழுதின ரெண்டு பக்கத்துல சாக்குப்பையைப் பத்தியே பத்து வரி இருக்கு. அதுல ஒரு வரியைக்கூட அவங்க படிக்கல. எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு, பொய் சொல்லல. ஆனா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? "பாவம், அந்தப் பொண்ணு படம் பாத்திருக்காது, நம்மளைச் சந்தோசப்படுத்தச் சொல்லுது." இப்படி நினைச்சவனுக்கு 64,000 கம்மி.

சிறந்த கருத்தாளர்னு ஒரு தனிக் குரூப்ல சேத்தாங்க. அங்க இருபது பேருக்கு மேல. எல்லாருமே படத்தைப் பத்தி ஒரே மாதிரி: "செம திரில்", "இன்ட்டர்வெல்ல உறைஞ்சிட்டேன்". இங்கிலீஷ் படத்துல எங்கடா இன்ட்டர்வெல்? கூடவே பணம் ஏறின ஸ்கிரீன்ஷாட். இங்க காசு கட்டித்தான் டாஸ்க் எடுக்கணும், முடிச்சா 30 சதவீதம் சேத்துத் திரும்பி வரும். 1,000 கட்டினேன், 1,300 வந்துச்சு. 3,000 கட்டினேன், 3,900 வந்துச்சு. கையில வாங்கினேன்யா, ஏடிஎம்ல போய் எடுத்தேன். அந்தக் காசுல அம்மாவுக்குப் பரோட்டா வாங்கிட்டுப் போனேன்.

அடுத்து 7,500. முடிச்சேன், பணம் வரல. "சார், இது மூணு படம் சேர்ந்த செட்டு. மூணும் முடிச்சாத்தான் மொத்தமா வரும்." ரெண்டாவது படத்துக்கு 18,000. அது அப்பா புது வலைக்குன்னு என் கணக்குல போட்டு வச்சிருந்தது. மூணாவதுக்கு 38,500. அது அம்மா காசு. கடல்பாசி எடுத்துச் சேத்தது கொஞ்சம், மகளிர் குழுவுல வாங்கின கடன் மிச்சம். கழுத்தளவு தண்ணியில முங்கி முங்கிப் பாறையில கையைக் கிழிச்சுக்கிட்டு எடுக்கிற பாசி. அதை நான் ராத்திரி 11.40க்குப் பாயில படுத்துக்கிட்டே பின் நம்பர் போட்டு அனுப்பினேன்.

7,500, 18,000, 38,500. கூட்டிப் பாருங்க. 64,000. அரசாங்கம் குடுக்கிற தடைக்கால நிவாரணம் வருசத்துக்கு 8,000. எட்டு வருச நிவாரணம் மூணு நாள்ல போச்சு. அவங்க முதல்ல குடுத்த லாபம் 1,350ஐக் கழிக்கணும்னு ஒரு கூட்டாளி கணக்குச் சொன்னான். அவனையும் திட்டிட்டேன்.

ஆப்ல மட்டும் என் கணக்குல 83,200 இருக்குன்னு இப்பவும் காட்டுது. எடுக்கப் போனா, 20 சதவீதம் வரி 16,640 முதல்ல கட்டணுமாம். "அதுலயே கழிச்சுக்கங்க"ன்னேன். "சிஸ்டத்துல அந்த வசதி இல்ல சார்." கட்ட மாட்டேன்னு சொன்னதும் மரியாதை போயிருச்சு. "உங்க தப்பால குரூப்ல எல்லாருக்கும் பணம் நிக்குது"ன்னு அந்த இருபது பேரும் சேர்ந்து என்னை ஏச ஆரம்பிச்சாங்க. பாதிப் பேரு ஒரே எழுத்துப்பிழையோட. கஸ்டமர் சர்வீஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல என்ன கேட்டாலும் "தங்கள் பொறுமைக்கு நன்றி". எட்டுத் தடவை நன்றி சொன்னானுங்க. அப்புறம் குரூப்பை விட்டே தூக்கிட்டாங்க.

நேத்துக் காலையில ஒரு வங்கிக்குப் போனேன். கவுன்ட்டர்ல, "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன பண்றது?" மேனேஜரைப் பாக்கணும்னேன். மீட்டிங்காம். மதியம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்தேன். ஒரு ஸ்டேஷனுக்குப் போனா, "இது இங்க இல்ல தம்பி, சைபர் கிரைமுக்குப் போ". அங்க இருந்த ஒருத்தர் என்ன வேலைன்னு கேட்டாரு, சொன்னேன். "படம் பாக்கக் காசு குடுப்பாங்களாடா? நாமதானடா டிக்கெட் வாங்குவோம்?"னாரு. பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரு சொன்னது சரிதான், அதனாலதான் இன்னும் எரியுது.

ஆன்லைன்ல பணம் ஏமாந்தா புகார் சொல்ற நம்பர் 1930. அதுக்கு நான் அடிச்சதே நேத்துச் சாயங்காலம்தான். முதல்லயே அடிச்சிருக்கணும். அந்த நம்பரு பதினஞ்சு ரூபாய் ரீசார்ஜ் விளம்பரம் மாதிரி எங்கயோ கண்ணுல பட்டிருக்கு, மண்டையில நிக்கல. பொறுமையாக் கேட்டு, ஒவ்வொரு தவணைக்கும் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை நம்பரைக் கேட்டு வாங்கிப் புகார் நம்பர் குடுத்தாங்க. பணம் விழுந்த கணக்குல இன்னும் இருந்தாத்தான் நிறுத்தி வைக்க முடியும்னாங்க. பதினெட்டு மணி நேரம் ஆயிருச்சே, இருக்குமா? மூணு தவணையும் மூணு வேற வேற பேருக்குப் போயிருக்கு. ஒண்ணு ஏதோ செருப்புக்கடை பேரு. வெளிநாட்டு சினிமாக் கம்பெனி செருப்புக்கடை பேருல எதுக்குடா பணம் வாங்குதுன்னு ஒரு நிமிசம் யோசிச்சிருந்தா 18,000மும் 38,500ம் கையில இருந்திருக்கும்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், ராம்நாடு பஸ் வர்ற நேரமாச்சு. வேகமாச் சொல்றேன். வேலை குடுக்கிறவன் நம்மகிட்டக் காசு கேட்டா அது வேலை இல்ல. முதல்ல வர்ற 150, 300 தூண்டில் இரை, அதை நம்ம ஊர்க்காரனுக்கு நான் சொல்லணுமா? பணம் போற பேரைப் படிங்க. மாட்டிக்கிட்டா வங்கி, ஸ்டேஷன்னு அலையாம முதல்ல 1930. ஆப்பை அழிக்காதீங்க, எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. நான் கோவத்துல பாதியை அழிச்சுட்டேன். "போன பணத்தை மீட்டுத் தர்றோம்"னு நேத்து ராத்திரியே ஒருத்தன் மெசேஜ் போட்டுட்டான், ஃபீஸ் 2,000மாம். அவனும் அதே கூட்டம்தான்.

அம்மாகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல, பாசிச் சாக்கை எடுத்துக்கிட்டுக் கரைக்குப் போயிருச்சு. அப்பாவுக்கு இன்னும் தெரியாது, பெயின்ட் வாங்க என்கிட்டத்தான் காசு கேப்பாரு. சைபர் கிரைம்ல குடுக்கப் புகாரை ரெண்டு காப்பி எடுத்து வச்சிருக்கேன். இந்தப் பக்கம் தங்கச்சிமடம், பாம்பன், வேதாளைன்னு இதே மாதிரி ஸ்டார் போட்டு ஏமாந்தவங்க யாராவது இருந்தா வெக்கப்படாம சொல்லுங்க, சேர்ந்து போய்க் குடுப்போம். இதை அடிச்சிக்கிட்டு இருக்கும்போதே அந்தப் பொண்ணு டிபியில இருந்து மறுபடி வந்திருக்கு: "சார், வரியில பாதி 8,320 மட்டும் கட்டுங்க, உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

பஸ் வந்துருச்சு.