ஜவ்வுக்கு மாற்று: கொலாஜனா, பாலியூரித்தேனா, தானத் திசுவா?

வேலூர்ப் பக்கம் முழங்காலில் எது கிழிந்தாலும் ‘ஜவ்வு போச்சு’ என்பார்கள். கபடியில் அறுந்த, மூட்டின் இரு எலும்புகளையும் பிணைக்கும் ஏ.சி.எல். நாணும் ஜவ்வுதான், தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே பிறை மாதிரி கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வுதான். கீழே ஒப்பிடும் மாற்றுகள் மெனிஸ்கஸுக்கு மட்டும். ரிப்போர்ட்டில் எது என்று முதலில் பாருங்கள்.

மாட்டின் குதிகால் தசைநாணிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதமும், பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பிளாஸ்டிக்கும் பஞ்சு போன்ற சட்டங்களாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குள் நம் செல்கள் ஏறி வளர வேண்டும். மெனிஸ்கஸில் ரத்தம் ஓடுவது வெளி ஓரத்தில் மட்டுமே. அந்த ஓரமும், கொம்புகள் எனப்படும் பிறையின் முன்பின் முனைகளும் மிஞ்சியிருந்தால்தான் இரண்டுமே பயன்படும்.

கொலாஜனுக்குத்தான் நீண்டகாலக் கணக்கு அதிகம். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 311 பேரைச் சராசரியாக ஐந்தாண்டு பார்த்தார்கள். முன்பே ஜவ்வு வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்குப் பலன் தெரிந்தது. புதிதாகக் கிழிந்தவர்களுக்கு, வெட்டி எடுப்பதைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. இத்தாலியில் 33 பேரைப் பத்தாண்டுக்கு மேல் பார்த்ததில், வெட்டி எடுத்ததோடு விட்டவர்களைவிடச் சட்டம் வைத்தவர்களுக்கு வலி குறைவு, மூட்டு இடைவெளியும் குறைவாகவே சுருங்கியது. ஆனால் அது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, ஆட்களும் குறைவு. ஆண்டுகள் போகப் போக எம்.ஆர்.ஐ.-யில் சட்டம் சிறுத்துத் தெரியும். வலி இல்லாதவர் அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பாலியூரித்தேன் தையலைத் தாங்கும், மெல்லக் கரைய ஐந்தாண்டு போல ஆகும். பலன் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகிறது. பத்தாண்டுக் கணக்கு கொலாஜன் அளவுக்கு இல்லை. அளவெடுப்பில்தான் பாதி வேலை. வெட்டிய பள்ளத்தை வளையும் அளவுகோலால் அளந்து, 3 செ.மீ.-க்குள் இருந்தால் 3 மி.மீ., அதற்கு மேல் என்றால் 5 மி.மீ. கூட்டி நறுக்குவார்கள், தைக்கும்போது பஞ்சு சுருங்கும். குறைத்து நறுக்கினால் இணைப்பில் இடைவெளி விழுந்து செல்கள் தாண்டாது. மிஞ்சினால் மடங்கி நசுங்கும். ஓரத்தை ஊசியால் குத்தி ரத்தம் கசிய வைத்த பிறகே தையல், சுமார் 5 மி.மீ.-க்கு ஒன்று.

ஜவ்வு முழுவதுமே போனவருக்குச் சட்டம் உதவாது. இறந்தவர் தானமாகத் தந்த ஜவ்வுதான் வழி. தொகுப்பு ஆய்வுகளில் பத்தாண்டில் நான்கில் ஏறக்குறைய மூன்று தாங்கியிருக்கின்றன, 15 ஆண்டில் பாதிக்குச் சற்று மேல். சரியான அளவு கிடைப்பதுதான் கஷ்டம். தைக்காமல் உள்பக்கத்தில் மிதக்கவிடும் பாலிகார்பனேட் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் தட்டும் உண்டு. நழுவலாம், கிழியலாம், நீண்டகாலக் கணக்கும் குறைவு.

எங்கள் தீர்ப்பு: தைக்க முடிந்த கிழிசலைத் தைத்துவிடுவதே மேல். முன்பே பாதி வெட்டி, வலி தீராத இளவயதுக்காரருக்குக் கொலாஜன். ஐம்பது தாண்டித் தேய்ந்து கிழிந்ததற்கு இவை எதுவும் வேண்டாம், உடற்பயிற்சியே முதல். குருத்தெலும்பு தேய்ந்து எலும்பு தெரிந்தாலும் வேண்டாம்.

சட்டம் வைத்த பின் நான்கு வாரம் 60 டிகிரி, ஆறு வாரம் வரை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பதே வழக்கமான கணக்கு, அதோடு ஊன்றுகோல். குடியாத்தத்தில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பவரும், தரையில் சம்மணமிட்டு பீடி சுற்றுபவரும் இரண்டு மாதக் கூலி போவதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறையை ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிடுங்கள். குந்தி உட்கார்வதும், சோளிங்கர் மலையின் 1,305 படி இறங்குவதும் ஆறு மாதத்துக்கு வேண்டாம். இறங்கும்போதுதான் மூட்டில் பாரம் அதிகம்.

கால் வில்லாக வளைந்திருந்தால் உடம்பின் பாரம் உள்பக்கமே விழும், எந்தச் சட்டமும் நசுங்கும். முதலில் எலும்பை வெட்டி நேராக்க வேண்டும், தளர்ந்த ஏ.சி.எல்.-ஐயும் சரிசெய்ய வேண்டும். எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது, பாரம் விழும்போது வரும் வளைவு அதில் தெரியாது. இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுத்த எக்ஸ்-ரேயையும் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.