சுவரில் பூதம், தட்டில் சுறாப் புட்டு

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் உள்ள இந்த மெஸ்ஸின் சுவரில் வாயைப் பிளந்தபடி ஒரு வெள்ளைச் சுறா. 'ஆளைத் தின்னும் சுறாவை நாம தின்போம்' என்று கீழே எழுத்து வேறு. தட்டில் வருவதோ சுறாப் புட்டு. அதற்கு வழக்கமாகப் போடுவது பால் சுறா. பெரும்பாலும் ஒரு மீட்டரைச் சுற்றி வளர்ந்து, பொடிமீனும் இறாலும் கணவாயும் தின்று பிழைக்கிற ஜாதி. உலகம் முழுக்கச் சேர்த்து 2024இல் சீண்டாமலே சுறா கடித்ததாகப் பதிவானவை 47, இறந்தவர்கள் 4 பேர். மனிதர்கள் கொல்கிற சுறாக்களோ ஆண்டுக்குக் கோடிக்கணக்கில்.

புட்டு நன்றாகவே இருக்கிறது. சுறாச் சதையில் யூரியா உண்டு. மீன் செத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கும். ஐஸ் குறைந்தால் மூத்திர வாடை தூக்கும், எவ்வளவு பூண்டு போட்டாலும் போகாது. இங்கே அந்த வாடை துளியும் இல்லை. மஞ்சள்தூள் போட்டு 10 நிமிடம் வேகவைத்து, மணல்போல் சொரசொரக்கும் தோலைச் சுரண்டி, நடுக் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்தப் பிழிவில்தான்: நீர் நின்றால் கடாயில் உதிராமல் களியாகிவிடும். இவர்கள் பிழிந்திருக்கிறார்கள். ஆனால் அரைக் கிலோ மீனுக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம் போட வேண்டிய இடத்தில் பெரிய வெங்காயத்தைக் கொட்டியிருப்பதால் தித்திக்கிறது. இரண்டு மணிக்கு மேல் மறுசூடு, நார்நாராக இழுக்கும்.

"எந்தச் சுறா?" என்று கேட்டால், "சுறான்னா சுறாதாண்ணே" என்பது பதில். பெரிய குறை இது. திமிங்கலச் சுறாவும், ரம்பம்போல் மூக்கு நீண்ட வேளா மீனும் 2001 முதலே பிடிக்கக் கூடாதவை. 2022 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. உதிர்த்துவிட்டால் எந்தச் சுறா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. வாங்கிய அன்றைய மீனின் தலையையாவது கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கலாம். பால் சுறாவே ஏறக்குறைய ஓராண்டு சினைசுமந்து சில குட்டிகள்தான் போடும். லட்சக்கணக்கில் முட்டையிடுகிற வஞ்சிரத்தைப் போல அள்ளினால் தாங்காது.

மெனுவில் 'பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் ஊறும்' என்றிருக்கிறது. நம்ம ஊர்ப் பழக்கம்தான். ஆனால் வயதான பெரிய சுறாக்களில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறாவையே தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். இன்ன சுறா என்று சொல்லத் தெரியாத கடை அந்த வரியை அழிப்பது நல்லது.

பாறை மீனிலும் இதே பக்குவத்தில் புட்டு போடுகிறார்கள். மெனுவில் இருக்காது, கேட்க வேண்டும். ஒரு மணிக்குள் போனால் கிடைக்கும். முள் மட்டும் பார்த்துச் சாப்பிடுங்கள்.